நெற்றிப்பாறையில் சந்தன வாசம்

மலையைப் பற்றி எலியா பேசும்போதெல்லாம் அஜேஷ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தானே தவிர, மலை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. நாற்பத்துமூன்று வயது, பாறசாலையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை. மழை விட்ட நாட்களில் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் கிழக்கே மலை நீலமாகக் கிடக்கும். தினமும் கண்ணில் படுவதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்வது வழக்கம். அஜேஷும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

பூவார் கடற்கரையில் தொடங்கி வயநாடு வரை எட்டு நாள் சைக்கிள் பயணம் என்பது எலியாவின் ஆசை. எலியா வெள்ளறடைக்காரன், ரப்பர் பால் வெட்டுகிறவன். பூவார் ரிசார்ட் ஒன்றில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விமானத்தில் ஏற்ற மனமில்லாமல் விட்டுப்போன சைக்கிள் எப்படியோ அவன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து பிடித்த கிறுக்கு இது. நல்ல வண்டி. இருபத்துநான்கு கியர். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல இரண்டு சக்கரத்தின் நடுவிலும் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக். அஜேஷின் சைக்கிள் நெய்யாற்றின்கரைச் சந்தையில் வாங்கிய சாதாரண கியர் வண்டி. ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக். அதில் அவனே ஒரு இஞ்சு பைப்பில் கேரியர் அடித்துப் பொருத்தியிருந்தான்.

"இது கேரியரா, கட்டிலாலே மக்கா? கேஸ் சிலிண்டர் வெச்சாலும் தாங்கும் போல இருக்கு" என்றான் எலியா.

"தாங்கட்டும். வழியில நீ மலந்து விழுந்தா உன்னத் தூக்கி வைக்கலாம்லா."

இருவருக்கும் சிநேகிதம் உண்டானது சிவராத்திரியில். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடியே போய்த் தொழுகிற சிவாலய ஓட்டத்தில் இருபத்தொரு வருடமாக அஜேஷ் ஓடுகிறான். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒருவன் "கோவிந்தா" என்று விளித்தால் மற்றவர்கள் "கோபாலா" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சிவனைப் பார்க்க ஓடுகிறவன் பெருமாளை எதற்குக் கூப்பிடுகிறான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்குக் கதை உண்டு. ஓடுகிறபோது அதைச் சொல்ல மூச்சு கிடையாது.

எலியா வேதக்காரன், கிறிஸ்தவன். இருந்தாலும் இருபத்தொரு வருடமும் மாற்றுத்துணி, தைலம், தண்ணீர் எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு அஜேஷின் பின்னாலேயே வந்திருக்கிறான். "கோபாலா" என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டான். சின்ன வயதில் ஓட்டக்காரர்களைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னதற்கு அப்பன் கொடுத்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது என்பான். "எனக்க வாயில அது வராதுலே. வேற என்ன வேணும்னாலும் கேளு." அஜேஷ் "கோவிந்தா" என்று விளித்தால் அவன் பதிலுக்குச் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பான். பித்தளை மணி. பழைய சைக்கிளில் இருந்து கழற்றி வெள்ளைக்காரர் வண்டியில் அவன் மாட்டிக்கொண்டது அந்த மணி ஒன்றுதான்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பூவாரில் முன்சக்கரத்தைக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று அஜேஷ் முணுமுணுத்தான். காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை தாண்டி ஒன்பது மணிக்கு வெள்ளறடையில் எலியாவின் வீடு. அவன் மனைவி ஜிஜா மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தாள். இந்த எட்டு நாளும் எலியாவின் மரங்களில் அவளே பால் வெட்டப்போகிறாள். அன்றைய வெட்டை முடித்துவிட்டு, கையில் பால் பிசின் காயாமல் நின்றாள்.

"அஜேஷண்ணா, கொண்டு போறது ஒங்க பாடு. எனக்க ஆளை முழுசாத் திருப்பித் தரணும், கேட்டியளா?"

"அவனாக்கும் என்னைக் கொண்டு போறான்" என்றான் அஜேஷ்.

"அது அப்படித்தான் சொல்லுவிய" என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். அந்தச் சிரிக்காத முகம் அஜேஷுக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளறடையிலிருந்து நெற்றிப்பாறைக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம், பதினொரு வளைவு. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் அடிவாரத்தில் அன்றைய தங்கல். முதல் மூன்று வளைவும் ரப்பர் தோட்டம். நிழலில் பால் வடியும் சிரட்டைகள் மரத்துக்கு ஒன்றாகத் தொங்கின. எலியா முன்னால் போனான். அவன் மிதிப்பதில் அவசரம் இல்லை. பால் வெட்டுகிறவன் கத்தியை அழுத்த மாட்டான், அழுத்தினால் மரம் புண்ணாகும். அந்தக் கை அவன் காலுக்கும் இருந்தது. அஜேஷ் ஓட்டக்காரன். முதல் வளைவிலேயே நெஞ்சைக் கொடுத்து மிதித்துவிட்டு, மூன்றாவது வளைவில் இஞ்சு பைப் கேரியரைக் கண்டுபிடித்தவனைத் திட்டினான். கண்டுபிடித்தவன் அவனேதான்.

நான்காவது வளைவில் ரப்பர் நின்றுபோனது. அத்தோடு சத்தமும் நின்றது. கீழே பஸ் ஹாரன், கோழி, யாரோ யாரையோ கூப்பிடுவது என்று எப்போதும் காதில் கிடந்த இரைச்சல் இல்லாமல் போனபோதுதான் அது இத்தனை நாள் இருந்தது அவனுக்குத் தெரிந்தது. காற்று குளிர்ந்து, பச்சிலை வாசத்தோடு வந்தது. திரும்பிய பக்கமெல்லாம் கறுத்த பாறை. ஒவ்வொன்றும் ஒரு கோயில் அளவு. பாறை முழுக்க மெல்லிய தண்ணீர் வழிந்து வெயிலில் நடுங்கியது.

அஜேஷ் இரும்போடு வாழ்ந்தவன். எதைப் பார்த்தாலும் இதைச் செய்ய எத்தனை ஆள், எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போடும். அந்தப் பாறையின் முன் கணக்கு ஓடவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

எலியா மேல் வளைவில் மறைந்திருந்தான். தனியாக நிற்பது என்னவோ போலிருக்க, அஜேஷ் கையைக் குவித்து, "கோவிந்தா" என்று விளித்தான். பாறை அதை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது. அதன் பின்னால், உயரத்தில், டிணிங் டிணிங். அஜேஷுக்கு உடம்பு சிலிர்த்தது. ஓட்டத்தில் ஆயிரம் தடவை கேட்ட மணிதான். ஆனால் இத்தனை பெரிய இடத்தில் தனக்கென்று ஒரு சத்தம் திரும்பி வருவது வேறு மாதிரி இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் விளித்தான். ஒவ்வொரு வளைவிலும் மணி வந்தது.

உச்சிக்கு வந்தபோது மணி இரண்டு. கால் கழன்று விழும் என்றிருந்தது. பாறை ஓரம் உட்கார்ந்திருந்த எலியா மேற்கே கையைக் காட்டினான்.

கடல் தெரிந்தது. காலையில் சக்கரத்தை நனைத்த அதே கடல், வானத்தோடு ஒட்டிய வெள்ளிக் கோடாக. அதற்கு இந்தப் பக்கம் தென்னை, தென்னை, தென்னை. நடுவில் நெய்யாறு ஒரு நூல். அந்தப் பச்சைக்குள் எங்கேயோ பாறசாலை, அதில் எங்கேயோ அவன் பட்டறை, அதில் அவன் போட்ட சண்டை, பிடித்த வாதம் எல்லாம் இருந்தன. எது கேரளம், எது தமிழ்நாடு என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. கிழக்கே திரும்பினால் மலைக்குப் பின்னால் மலை. எல்லாவற்றுக்கும் மேலே அகத்தியர்கூடம் மேகத்தில் தலை மறைத்து நின்றது. அஜேஷின் கண்ணில் நீர் வந்தது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"எலே எலியா, இதெல்லாம் இங்க இருந்துதா?"

"பின்ன எங்க போவும்?"

எலியா ஊற்றில் தண்ணீர் பிடிக்கக் குப்பிகளோடு சரிவில் இறங்கினான். அஜேஷ் தனியாக நின்றான். சந்தோஷத்துக்குள்ளே இருந்து ஒரு பயம் கிளம்பியது. இத்தனை பெரியதன் முன்னால் நாம் கொசு. தட்டினால் கேட்க ஆளில்லை. ஜிஜாவின் சிரிக்காத முகம் நினைவுக்கு வந்தது.

உச்சியில் சாலை ஓரம் நெற்றிப்பாறைத் தம்புரானின் பீடம் இருந்தது. கூரை கிடையாது, ஒரு கல், ஒரு கல்விளக்கு, உருளியில் எண்ணெய், வாழை இலையில் காலையில் அரைத்த சந்தனம். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து உள்ள வழக்கம், இறக்கம் இறங்குகிறவன் இந்த எண்ணெயில் சந்தனத்தைக் குழைத்து அச்சில் தொட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இப்போது லாரிக்காரர்கள் பம்பரில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். அஜேஷுக்குப் பொட்டு போதவில்லை. உள்ளங்கை நிறையக் குழைத்தான். தன் சைக்கிளின் அச்சில் தொட்டான். பிறகு எலியா வருகிறானா என்று பார்த்துவிட்டு, அவன் சைக்கிளுக்குப் போனான். கேட்டால் வேண்டாம் என்பான். கேட்காமல் செய்தால் தம்புரான் கோபிக்க மாட்டார். அச்சு எது என்று குனிந்து பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, அவனை முழுசாகக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று வேண்டி, முன்சக்கரத்தின் நடுவிலும் பின்சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை அழுத்தித் துடைத்தான். கைக்குக் குளிர்ச்சியாக, வழவழவென்று ஒரு தட்டு பட்டது. பட்டறையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பான்.

எலியா திரும்பி வருவதற்குள் கிழக்கிலிருந்து மேகம் எழும்பி வந்து சாலையைத் தொட்டது.

"மஞ்சு இறங்குது. நான் முன்ன போறேன். நீ பைய வா" என்று சொல்லிவிட்டு எலியா ஏறி உட்கார்ந்தான். உருண்டான். பத்து அடியில் அவன் நிறம் போனது. இருபதில் அவனே போனான்.

அஜேஷ் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். மூடுபனிக்குள் தன் முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. மரங்கள் திடீரென்று எதிரில் வந்து நின்று, பார்த்துவிட்டுப் போயின. கீழே எங்கிருந்தோ நீளமாக ஒரு அலறல் கேட்டது. மலையில் இப்படிக் கத்தும் பறவை உண்டு என்று எலியா சொல்லியிருந்தான். அஜேஷ் அதுவாக்கும் என்று நினைத்தான்.

அடுத்த வளைவில் சந்தனம் மணத்தது.

வீடு இல்லை, கோயில் இல்லை, மனித வாடை இல்லை. வெள்ளைப் பனிக்குள் இருந்து கோயில் நடை திறந்ததுபோல வாசம் வந்து முகத்தில் பட்டது. அஜேஷ் சைக்கிளை நிறுத்தினான். செருப்பைக் கழற்றினான். நெற்றிப்பாறைத் தம்புரான் இந்த நேரத்தில் சாலையைக் கடக்கிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இருபத்தொரு வருடம் ஓடி ஓடித் தேடியது இப்படிக் கேட்காமலே எதிரில் வந்து நிற்கிறது என்று நினைத்தபோது கை தானாகக் குவிந்தது. கண்ணீர் வழிந்தது. ஆனந்தம் என்ற வார்த்தைக்கு அவன் வாழ்க்கையில் பொருள் கிடைத்த நிமிடம் அது.

பிறகு அந்த வாசத்தின் அடியில் இன்னொன்று வந்தது. காய்ந்த இரும்பு. எண்ணெய் கருகிய இரும்பு. அந்த வாடையில்தான் அவன் இருபத்தைந்து வருடமாகச் சோறு தின்கிறான். சந்தனம் மட்டும் வந்திருந்தால் சாமி. அதோடு சுட்ட இரும்பும் சேர்ந்து வந்தால் அது எலியா.

உள்ளங்கையைப் பார்த்தான். மஞ்சளாக, வழவழப்பாக, இன்னும் எண்ணெய் இருந்தது. அச்சு இல்லை, அது பிரேக் தட்டு. எண்ணெய் பட்ட தட்டை எந்தப் பிரேக்கும் பிடிக்காது. அலறியது பறவை இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே முடிந்தது எதுவாக இருக்கும் என்று நினைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

செருப்பை விட்டுவிட்டான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வெறுங்காலோடு ஓடினான். போனில் சிக்னல் இல்லை. சாலையின் இடப்பக்கம் மலைச் சரிவு, வலப்பக்கம் ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்கு அடி எங்கே என்று தெரியவில்லை. எலியாவின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். பழக்கம் வந்து முந்திக்கொண்டது.

"கோவிந்தா."

பனி அதைத் தின்றது. மணி வரவில்லை.

அடுத்த வளைவு. "கோவிந்தா." ஒன்றும் இல்லை. சாலையில் டயர் இழுத்த கறுப்புக் கோடு ஒன்று கிடந்தது. கோடு வலப்பக்கம் போய், விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது திரும்பியிருந்தது. அஜேஷ் விளிம்பில் குனிந்து பார்த்தான். கேரியரை வைத்துக் கேலியாகச் சொன்ன வார்த்தை, வழியில் விழுந்தால் தூக்கி வைக்கலாம் என்றது, இப்போது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஜிஜாவிடம் என்ன சொல்வான்? தம்புரானே, நீ ஒரு அடையாளமும் எனக்குக் காட்ட வேண்டாம், அந்த மணியை மட்டும் கேட்கப் பண்ணு என்று வேண்டினான்.

"கோவிந்தா."

நின்றான். மூச்சைப் பிடித்தான். தண்ணீர் சொட்டும் சத்தம். இலை அசையும் சத்தம். அதற்கு அப்பால், கீழே, கரகரத்த குரலில், சொல்லிப் பழக்கமே இல்லாதவன் சொல்லும் விதத்தில், மெல்ல வந்தது.

"கோபாலா."

அஜேஷ் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான். அத்தனை உயரம், அத்தனை பாறை, அத்தனை கடல் பார்த்தான் அன்றைக்கு. அந்த ஒரு சொல்லின் முன்னால் எல்லாம் சின்னதாகப் போயிற்று. பிறகு எழுந்து ஓடினான்.

எலியா இடப்பக்கச் சரிவில் கொங்கிணிப் புதருக்குள் மல்லாந்து கிடந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பள்ளத்தை விட்டு மலையின் பக்கம் வண்டியைத் திருப்பி மோதியிருக்கிறான். முழங்கை தோல் உரிந்து ரத்தம். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முன்சக்கரம் எட்டுப் போட்டுக் கிடந்தது. பித்தளை மணி கல்லில் நசுங்கி அப்பளமாக இருந்தது.

அஜேஷ் அவன் தலை, தோள், கால் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முழுசாக இருந்தான். முழுசாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அஜேஷ் அழுதான், மறைக்காமல்.

"நீ சொன்னியாலே" என்றான். "உனக்க வாயால சொன்னியா?"

"மணி ஒடஞ்சு போச்சு" என்றான் எலியா. "நீ தொள்ள கீறி விளிக்கே. பின்ன என்னத்தச் செய்யியது?"

அஜேஷ் உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினான். "நானாக்கும் மக்கா. நீ தண்ணி பிடிக்கப் போன நேரம். தம்புரானுக்க எண்ணெய். அச்சுன்னு நெனச்சு, கண்ண மூடிட்டு, தட்டுல..."

எலியா அந்தக் கையை மோந்து பார்த்தான். திட்டுவான், எழுந்து அடிப்பான், இரண்டுக்கும் அஜேஷ் தயாராக இருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"ரெண்டு சக்கரத்துலயுமா?"

"ரெண்டுலயும்."

"ஒண்ணையாவது விட்டிருக்கப் பிடாதா, சவம்." எலியா முழங்கையை ஊதிக்கொண்டான். "நான் எண்ணிட்டேன், அத்தோட முடிஞ்சுதுன்னு. பிள்ளியளுக்க மொகம் வந்து நின்னுது. பெறவு மேல இருந்து உனக்க சத்தம். மணிக்குக் கை போச்சு. மணி இல்ல. நான் பதில் மிண்டாம இருந்தா நீ செத்திருவேன்னு தோணிச்சு. அதாக்கும் சொன்னேன்."

அஜேஷ் துண்டைக் கிழித்து முழங்கையைக் கட்டினான்.

"வீலு நிமித்த முடியுமா?" என்றான் எலியா.

"ராவைக்கு நிமித்தித் தாறேன். பிரேக் பேடு புதுசு வாங்கணும். தட்ட நல்லாத் தொடைக்கணும்."

"அப்ப நாளைக்குப் போலாம். வீட்டுல ஜிஜாகிட்ட இதச் சொல்லப்பிடாது."

வெள்ளைக்காரர் வண்டியைத் தூக்கி அஜேஷின் கேரியரில் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். இஞ்சு பைப் முனகாமல் தாங்கியது. எலியா நொண்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அஜேஷ் இரண்டு சைக்கிளின் பாரத்தையும் தள்ளிக்கொண்டு, வெறுங்காலோடு பின்னால் வந்தான். இருபத்தொரு வருடத்தில் எலியா முன்னே போக, அவன் சுமையோடு தான் பின்னே வருவது இதுதான் முதல் தடவை என்று அவனுக்கு உறைத்தது.

இரண்டு வளைவு இறங்கியதும் பனி கிழிந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நொடியில் திறந்தது. மாலை வெயிலில் அணையின் தண்ணீர் தங்கத் தகடாகக் கிடந்தது. அதைச் சுற்றிப் பேர் தெரியாத எத்தனையோ மலைகள், ஒன்றும் பேசாமல். சாலை விளிம்புக்கு அப்பால் இருந்த வெள்ளைக்கு இப்போது அடி தெரிந்தது. மரங்களின் உச்சி புல்லைப்போலத் தெரியும் ஆழம். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எலியா சிலுவை போட்டுக்கொண்டான். அஜேஷ் கும்பிட்டான்.

எலியா நடந்து அடுத்த வளைவில் மறைந்தான். அஜேஷ் பாரத்தை நிமிர்த்திக்கொண்டு தள்ளத் தொடங்கினான். அப்போது வளைவின் அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், எலியாவின் குரல் மலையைத் தொட்டு வந்தது.

"கோவிந்தா."

அஜேஷ் வாயைத் திறந்தான். இருபத்தொரு வருடம் சொன்ன சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது, வெளியே வரவில்லை. மலை காத்துக்கொண்டிருந்தது. அவன் ஹாண்டிலில் கட்டைவிரலை வைத்து, தன் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தான்.